உபுண்டு லினக்ஸிலிருந்து ஃபெடோரா லினக்ஸுக்கு: வாசகர் கேள்விகள்

ஃபெடோராவில் 'ஏபிடி' கட்டளையே இல்லை என்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா?

வேண்டாம். மென்பொருளை நிறுவ, நீக்க, புதுப்பிக்க உபுண்டுவில் ஏபிடி பார்த்த வேலையை இங்கே டிஎன்எஃப் பார்க்கிறது. இன்ஸ்டால், ரிமூவ், சர்ச் எல்லாம் அதே சொற்கள்தான். அப்டேட், அப்புறம் அப்கிரேட் என்று இரண்டு முறை அடிக்கத் தேவையில்லை. அப்கிரேட் ஒன்றே போதும். தடுமாற வைப்பது தொகுப்புகளின் (நிறுவுவதற்குக் கட்டித் தரும் மென்பொருள்) பெயர்தான். உபுண்டுவில் 'டெவ்' என்று முடிகிற பல தொகுப்புகள் இங்கே 'டெவெல்' என்று முடியும். அப்பாச்சி வெப் சர்வருக்கு அங்கே 'அப்பாச்சி2', இங்கே 'ஹெச்டிடிபிடி'.

கண்டதையும் நிறுவிப் பார்க்கும் பழக்கம் உண்டா? 'டிஎன்எஃப் ஹிஸ்டரி லிஸ்ட்' என்று கேட்டால், இதுவரை நிறுவியது, நீக்கியது எல்லாம் வரிசை எண்ணோடு வரும். வேண்டாத வரியின் எண்ணை 'ஹிஸ்டரி அன்டூ'வுக்குக் கொடுத்தால், அந்த ஒரு நிறுவலோடு கூட வந்த உபரித் தொகுப்புகளும் சேர்ந்தே போய்விடும்.

போனில் எடுத்த வீடியோ ஓடவில்லை. முதல்முறை திறந்தபோதே 'மூன்றாம் தரப்பு மென்பொருள்' பட்டனை ஆன் செய்துவிட்டேனே?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஃபெடோராவுக்குப் பின்னால் இருப்பது ரெட் ஹேட் என்ற அமெரிக்க நிறுவனம். ஹெச்.264, ஹெச்.265 போன்ற வீடியோ வடிவங்களுக்குக் காப்புரிமைச் சிக்கல் இருப்பதால், அவற்றை முழுமையாக ஓட்டும் மென்பொருளை ஃபெடோரா தன் களஞ்சியத்தில் (தொகுப்புகளை இறக்கிக்கொள்ளும் இடம்) வைப்பதில்லை. புதிய போன்கள் பலவும் ஹெச்.265-இல்தான் பதிவு செய்கின்றன.

நீங்கள் ஆன் செய்த பட்டன் ஃப்ளாட்ஹப் என்ற ஆப் களஞ்சியம், என்விடியா டிரைவர், ஸ்டீம், குரோம் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். ஃபெடோரா வைக்காத மென்பொருளைத் தரும் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியம் முழுவதும் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தபின், வீடியோவை ஓட்ட உதவும் 'எஃப்எஃப்எம்பெக்'கின் குறைத்த வடிவமான 'எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ' தொகுப்பை எடுத்துவிட்டு முழு 'எஃப்எஃப்எம்பெக்'கைப் போட வேண்டும்.

புதியவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஃப்ளாட்ஹப்பிலிருந்து விஎல்சி வீடியோ பிளேயரை நிறுவுங்கள். தனக்கு வேண்டிய கோடெக்குகளை (வீடியோ வடிவங்களைப் பிரித்துப் படிக்கும் மென்பொருள்) அதுவே கொண்டு வருகிறது. வீடியோ எடிட்டிங் என்று இறங்கும்போது ஆர்பிஎம் ஃப்யூஷனைப் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸும் ஃபெடோராவும் ஒரே லேப்டாப்பில். ஃபெடோராவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பக்கம் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்பதற்கு 1 கொடுத்தால் தீர்ந்தது. அதன்பிறகு ஓர் எச்சரிக்கை காட்டும். அது பெரும்பாலும் கோடையில் கடிகாரத்தை மாற்றுகிற நாடுகளுக்கானது. இந்தியாவிலோ இலங்கையிலோ அந்த வழக்கம் இல்லை, கவலை வேண்டாம்.

தமிழில் தட்டச்ச தமிழ்99 விசைப்பலகை எங்கே இருக்கிறது?

செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் இன்புட் சோர்ஸ், தமிழ். பட்டியலில் ஏறக்குறைய ஒரே பெயரில் சில இருக்கும். எம்17என் என்று குறிப்பிட்டிருக்கும் தமிழ்99-ஐ எடுங்கள். 'க' விசையை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானாக விழ வேண்டும்; விழாவிட்டால் தேர்ந்தெடுத்தது வேறு. பட்டியலிலேயே இல்லையென்றால் 'ஐபஸ்-எம்17என்' தொகுப்பை நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும்.

ஃபெடோராவின் பாதுகாப்பு அமைப்பான எஸ்ஈலினக்ஸை நிறுத்திவிடச் சொல்கிறார் நண்பர்.

நிறுத்தாதீர்கள். சாதாரண டெஸ்க்டாப் வேலையில் அது இருப்பதே தெரியாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வருகிறதாமே, ஒவ்வொரு முறையும் மாற வேண்டுமா?

ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம் புதுப்பிப்புகள் வரும். அதனால் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம். புதுப் பதிப்பு வந்த அன்றே பாயாமல் இரண்டு மூன்று வாரம் விட்டு மாறுவது நல்லது, அதுவும் என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு.