வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு விளையாட்டுப் பயிற்சி எதற்கு?

எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளையை விளையாட அனுப்பி என்ன ஆகப்போகிறது? தோட்டப்புறப் பெற்றோர் பலருக்கும் வரும் கேள்விதான்.

கற்றல் வேறுபாடு என்றால், மூளை தகவலை வேறு விதமாகக் கையாள்வது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம் என ஏதாவது ஒன்றிலோ சிலவற்றிலோ அது தெரியும். சில பிள்ளைகளுக்குப் பேச்சில் தன் முறை எப்போது வருகிறது, எதிரில் நிற்பவரின் முகம் என்ன சொல்கிறது என்பதும் சட்டென்று பிடிபடாது. மற்றவர்களோடு பழகும் இந்தத் திறன்களை விளையாட்டின் நடுவே, சிறு குழுவில், நிதானமாகப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி.

ஏன் விளையாட்டு? பேச்சில் விதிகள் கண்ணுக்குத் தெரியாது. லயத்து வாசல் கிரிக்கெட்டில் தெரியும். அவுட்டானால் மட்டையைக் கொடுக்க வேண்டும். அடுத்தவன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பிழைத்தால் உடனே புரியும், அடுத்த பந்திலேயே திருத்தலாம். ஒரே பாடம் ஒரு மாலையில் இருபது தடவை வந்துவிடும். வகுப்பில் அது நடக்குமா?

கொழுந்து பறிக்கப் பழகுவதை நினைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று வாயால் சொன்னால் போதாது. பழகியவர் பக்கத்தில் நின்று கை பிடித்துக் காட்ட வேண்டும். இங்கும் அப்படித்தான், பயிற்சியாளர் சொல்லைக் குறைத்து, செய்து காட்டுவார். வென்றவனுக்கு மட்டும் கைதட்டும் பயிற்சியாளர் என்றால், என்னைக் கேட்டால், வேறு ஆளைத் தேடுங்கள்.

அப்புறம், “மக்குப் பிள்ளைகளுக்கான வகுப்பு” என்ற பேச்சு தவறு: வாசிப்பில் சிரமம் இருப்பதும் அறிவு குறைவாக இருப்பதும் ஒன்றல்ல.