ஹாலை ரெண்டா பிரிக்க சுவருக்கு பதிலா புக் ஷெல்ஃப் வச்சா சரியா வருமா?

தாராளமா வைக்கலாம், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க, ஏன்னா பின்பலகை அடிச்ச ஷெல்ஃபை குறுக்க நிறுத்தினா ஜன்னல் இல்லாத பாதில பகல்லயே லைட் போட்டுட்டு உக்காரணும். பின்பக்கம் திறந்த மாடல்னா வெளிச்சமும் காத்தும் வரும், ரெண்டு பக்கத்துல இருந்தும் எடுக்கலாம், என்ன, தூசியும் ரெண்டு பக்கமும் துடைக்கணும்.

முக்கியமான விஷயம் அது சாயாம நிக்கிறது. சுவரோட முதுகு ஒட்டாம நடுவுல நிக்கிறதால முன்னாடியும் விழும் பின்னாடியும் விழும், குழந்தைங்க தட்டுல கால் வச்சு ஏறினா கேக்கவே வேணாம். அதனால ஒரு முனையை சுவர்ல முட்டவிட்டு எல் கிளாம்ப் (L வடிவ உலோகப் பட்டை) போட்டு முடுக்குங்க, ஆள் உயரம்னா தரையிலயோ சீலிங்லயோ இன்னொரு பிடிமானம் கண்டிப்பா வேணும். கனமான புக்கெல்லாம் கீழ்த்தட்டுல, மேல லேசான சாமான். வாடகை வீடு, ட்ரில் போட விடமாட்டாங்கன்னா இடுப்பளவு உயரத்துல அகலமான ஷெல்ஃபா வாங்கி சோஃபாவுக்குப் பின்னாடி போட்டுடுங்க.

ஆழம் 30 செமீ இருந்தா புக்குக்குப் போதும், நடக்க 90 செமீ விடுங்க. பார்ட்டிகிள் போர்டுல, அதாவது மரத்தூளை அழுத்தி செஞ்ச பலகைல, நீளமான தட்டு வேணாம், புக் அடுக்கினா நாளாக நாளாக நடுவுல தொங்கிடும், பிளைவுட் பரவால்ல. டிவி சத்தத்தை மறைக்கும்னு மட்டும் நம்பி வாங்காதீங்க, புக் நெருக்கமா அடுக்கினா கொஞ்சம் குறையும், அவ்ளோதான்.