பசியை அடக்கும் பவுடர் வாங்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் தங்கச்சிமடத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் வீட்டிலேயே இருந்ததில் உடம்பு ஏறிவிட்டது. இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தாலும், கொஞ்ச நேரத்தில் மிக்சர் பாக்கெட், பிஸ்கட் என்று தேடுகிறார். தெருவில் ஒரு அக்கா பவுடர் விற்கிறார். மூளையில் பசியை அடக்குமாம், இன்சுலினைச் சரிசெய்யுமாம், மாத்திரையையே நிறுத்திவிடலாமாம். ஒரு டப்பா 3,800 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. யார் சொன்னாலும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த அக்கா சொல்வதில் பாதி உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. 'போதும்' என்று முடிவு செய்வது மூளைதான். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய இடம் இருக்கிறது. சாப்பிட்டதும் கணையத்தில் சுரக்கும் இன்சுலின், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புக்கும் சேர்ப்பதோடு நிற்பதில்லை. ஹைப்போதலாமஸுக்கும் போய், சத்து வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிவிக்கிறது. 1979இல் பபூன் குரங்குகளின் மூளைக்குள் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தார்கள். அவை சாப்பிடுவது குறைந்தது, எடையும் குறைந்தது. கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் இதே வேலையைச் செய்கிறது. அதைக் கண்டுபிடித்தது 1994இல்.

உடம்பு பெருக்கப் பெருக்க இந்த இரண்டும் ரத்தத்தில் கூடத்தான் செய்கின்றன. ஆனால் மூளை அவற்றுக்குக் காது கொடுப்பது குறைந்துவிடுகிறது. காற்று பலமாக அடிக்கும்போது கரையில் நின்று எவ்வளவு கத்தினாலும் படகில் இருப்பவருக்குக் கேட்காது அல்லவா, அதைப் போலத்தான். அதனால் 'வாயைக் கட்டத் தெரியாத மனுசன்' என்று அவரைத் திட்டாதீர்கள். அவருக்குப் பசிப்பது நிஜம்.

சரி, பவுடரால் இதைச் சரிசெய்ய முடியுமா? டப்பாவில் கரண்டியால் அள்ளிக் கலக்கும் எந்தப் பவுடரும் மூளையின் இந்தக் கேளாமையை நீக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடரைக் குடித்தால், சாப்பாடு குறைந்ததால் கொஞ்ச நாள் எடை இறங்கும். அந்தப் பெருமையைப் பவுடர் எடுத்துக்கொள்ளும். எனக்குப் பயம் வேறு. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றி நினைவே தப்பலாம். ராத்திரி நடுக்கடலில் அப்படி ஆனால் கரைக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்?

டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது உணவு விற்கக் கொடுத்த உரிமம், நோயைத் தீர்க்கும் என்ற சான்று அல்ல. உடல் பருமனையும் நீரிழிவையும் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருட மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் பில், வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

வீட்டுக்குள் வரும் பாக்கெட்டுகளைத்தான் நான் முதலில் கவனிப்பேன். 2019இல் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, 2 வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, 2 வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு என்று கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு கொடுத்தபோது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, 2 வாரத்தில் 1 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறினார்கள். மிக்சர் டப்பா இருக்கும் இடத்தில் சுண்டலும் வேர்க்கடலையும் இருக்கட்டும். மத்தியும் நெத்திலியும் உங்கள் கரையிலேயே கிடைக்கிறது, குழம்பு வையுங்கள், சோற்றை ஒரு கரண்டி குறையுங்கள். கடலில் ராத்தூக்கம் கெடுவதும் பசியைக் கூட்டும், கரைக்கு வந்த நாளில் நன்றாகத் தூங்கவிடுங்கள்.

அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் மூன்று மாத சராசரி சர்க்கரைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இப்போது போடும் மாத்திரை எடையைக் கூட்டுகிறதா, வேறு மாற்றலாமா என்பதையும் கேளுங்கள். சில மாத்திரைகள் எடையை ஏற்றும்.

கேள்வி: கீழக்கரையில் கருப்பட்டித் தொதல் என்ற இனிப்பு வாங்கினேன். 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதியிருந்தது. சர்க்கரை நோயாளியான அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சீனியில் இருப்பதும் அதுவே. அம்மாவின் ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தேங்காய்ப்பாலும் சேர்வதால் கலோரியும் அதிகம். பாக்கெட்டில் சேர்பொருள் பட்டியலைப் பாருங்கள், எடையில் அதிகமானதுதான் முதலில் வரும். கருப்பட்டி முதல் இரண்டுக்குள் இருந்தால், முன்பக்கம் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பெருநாளைக்கு ஒரு சின்னத் துண்டு போதும்.