புல்லுக்குள் வேட்டையாடும் மெல்லிய ஈ

கேள்வி: உயரமாக வளர்ந்த புல்லுக்கு நடுவே, குச்சிபோல் மெலிந்த பூச்சி ஒன்று மெதுவாகப் பறந்துவந்து, புல்தாளில் இருந்த அசுவினியைக் கவ்விக்கொண்டு போய், தொங்கியபடியே தின்றதைப் பார்த்தேன். ஊசித்தட்டான் என்று நினைத்தேன். ஆனால் இரண்டே இறக்கைகள். அது என்ன பூச்சி?

பதில்: இறக்கைகளைக் கவனித்தீர்களே, அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஊசித்தட்டானுக்கு நான்கு இறக்கைகள் உண்டு. இரண்டே இறக்கைகளும், பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் பறக்கும்போது சமநிலை காக்கும் சிறு குமிழ்களும் இருந்தால் அது ஈ வகை. நீங்கள் பார்த்தது, அசிலிடே என்னும் கொள்ளைக்கார ஈக்களின் குடும்பத்தில், லெப்டோகாஸ்டர் பேரினத்தையோ அதற்கு நெருங்கிய பேரினம் ஒன்றையோ சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இக்குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கட்டுடல் கொண்டவை. வெட்டவெளியான ஓர் இடத்தில் காத்திருந்து, பறந்து செல்லும் இரையைப் பாய்ந்து பிடிப்பவை. மெல்லிய புல்வெளி ஈக்களோ புல்தாள்களுக்கு இடையே நிதானமாகப் பறந்து, சில நொடிகள் அந்தரத்தில் நின்று, அசையாமல் உட்கார்ந்திருக்கும் அசுவினியையும் சிற்றீக்களையும், சில வேளைகளில் சிலந்தியையும்கூடப் பறித்தெடுக்கின்றன. இரையை அவை மென்று தின்பதில்லை. கூரிய வாயுறுப்பால் குத்தி, இரையை முடக்கி அதன் உள்ளுறுப்புகளைக் கரைக்கும் உமிழ்நீரைச் செலுத்திய பின் உறிஞ்சுகின்றன. பிற கொள்ளைக்கார ஈக்களின் பாதநுனியில் நகங்களுக்கு அடியில் காணப்படும் மெத்தைகள் இவற்றுக்கு இல்லை. நகங்களால் புல்தாளைப் பற்றித் தொங்குவதே இவற்றின் வழக்கம்.

ஐரோப்பாவில் வாழும் லெப்டோகாஸ்டர் சிலிண்ட்ரிகா 1776-ஆம் ஆண்டிலேயே அறிவியல் பெயர் பெற்றது. ஆயினும் இவ்வகை ஈக்களில் பலவற்றின் வாழ்க்கை சரிவர ஆராயப்படாமலே இருப்பது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது. புல்லைவிட்டு வெளியே அதிகம் வராததால் இவை எளிதில் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் நீள்கால் ஈ என்று தள்ளிவிடுகிறோம். குடும்பத்தின் பிற ஈக்கள் பலவற்றைப் போல இவற்றின் புழுக்களும் மண்ணுக்குள் வளர்வதால், அப்பருவத்தைப் பார்ப்பது இன்னும் கடினம்.

அடுத்த முறை கண்டால் பிடிக்க முயலாமல் படம் எடுங்கள். தலையை முன்பக்கத்திலிருந்து எடுத்தால், இரு பெரிய கண்களுக்கு இடையே உச்சியில் உள்ள பள்ளம் தெரியும். நீள்கால் ஈக்கு அது கிடையாது. நுனியை நோக்கித் தடித்த பின்தொடை தெரியுமாறு பக்கவாட்டிலும் ஒரு படம் வேண்டும். இரையையும் புல்லின் வகையையும் தேதியோடு குறித்துவைத்தால், அந்தக் குறிப்பு ஆய்வாளர்களுக்கு நிச்சயம் பயன்படும்.