தாராவி அண்ணாச்சிக்கு, மகளின் அந்த நோட்டைப் பற்றி

அண்ணாச்சி,

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "இன்ஜினியரிங் சீட்டுக்குப் பணம் புரட்டி வச்சிருக்கேன், இவ காத்துல அலை இருக்கு, அதைத்தான் படிப்பேங்கா" என்று சொல்லும்போதே உங்கள் குரல் கம்மிவிட்டது. அன்று அவசரத்தில் பேசியதை நிதானமாக எழுதுகிறேன். உங்களைப் போலத் தவிக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், நீங்கள் சம்மதித்தபடி பொதுவிலேயே.

முதலில் பெயர்க் குழப்பம். நம் மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டத்தில் வரப்போகும் லைகோ ஆய்வகம் தேடுவது, கருந்துளைகள் மோதும்போது பிறக்கும் அலையை. உங்கள் மகள் சொல்வது வேறு, இது நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் அலை. தமிழில் இரண்டையும் 'ஈர்ப்பு அலை' என்றே எழுதிவிடுகிறார்கள். நேர்முகத் தேர்வில் இதில் தடுமாறினால் பெயர் கெட்டுவிடும்.

வீட்டில் ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி நல்லெண்ணெய் ஊற்றி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒரு அலை சோம்பலாக ஆடும். கனமானதைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, அது வேகத்தில் தாண்டி இறங்கி மறுபடி மேலே வருகிறது. காற்றிலும் இதே ஆட்டம்தான். இடிமேகம் குமுறினாலும், மலையில் காற்று மோதினாலும் அலை கிளம்பும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அலை பெருகும். சுமார் 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் திருச்செந்தூர்க் கரையில் உடைவது மாதிரி உடைந்து, தன் வேகத்தை அங்கே இறக்கிவிடும். அந்தத் தள்ளலால்தான் கோடைக்காலத் துருவத்தின் மேல், அந்த உயரத்தில், வெப்பநிலை மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே போகிறது. வெயில் காயும் பருவத்தில் அவ்வளவு குளிர்!

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன். நீங்கள் அதைக் குற்றப்பத்திரிகை மாதிரி மேசையில் போட்டீர்கள். போனில் இருக்கும் காற்றழுத்த சென்சாரை வைத்து மூன்று வாரம் மணிக்கு மணி எழுதியிருக்கிறாள். காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் ஏறுகிறது, மாலை நாலுக்கு இறங்குகிறது, இரவு பத்துக்கு மறுபடி ஏறுகிறது. வித்தியாசம் இரண்டு, மூன்று மில்லிபார்தான். விடியற்காலை நாலு மணிக் கட்டங்கள் பல காலி. பக்கத்தில் 'தூங்கிட்டேன்' என்று எழுதியிருக்கிறாள். நான் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

அவள் பிடித்திருப்பது சூரியச் சூடு காற்றில் எழுப்பும் ஏற்றவற்றம். தரையில் சின்னதாக இருப்பது மேலே போகப் போக வளர்ந்து, 90 கிலோமீட்டரில் காற்றின் திசையையே வேளைக்கு வேளை மாற்றிவிடும். காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அதே பக்கம் அதே வேகத்தில் வரும் அலையை அது விழுங்கிவிடும். காலையில் வழிவிட்ட திசை சாயங்காலம் அடைபடும். போதாக்குறைக்கு, நிலத்தின் மேல் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடுகிறது. ஆக, ஈர்ப்பு அலையின் அன்றாட மாற்றத்தில் கீழே உற்பத்தி எவ்வளவு, நடுவழியில் வடிகட்டல் எவ்வளவு என்று பிரிப்பதுதான் கஷ்டம். அந்த உயரத்துக் காற்றின் மங்கிய ஒளிர்வைப் படமெடுக்கும் கேமரா நிலா இல்லாத, மேகமில்லாத இரவில்தான் உதவும். பகலுக்கு ரேடார் வேண்டும்.

"பொம்பளப் பிள்ளை ராத்திரியெல்லாம் முழிக்கணுமா?" என்று அக்கா போனில் கேட்டார். பெரும்பாலும் வேண்டாம், கேமரா தானே ஓடும். வேலையின் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் தரவைப் பிரிப்பது. அதனால் பி.எஸ்சி. இயற்பியலோடு கணிதத்தை விடக்கூடாது, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியை இப்போதே தொடங்கணும். வானத்தை நேசித்து, கோடிங்கை வெறுத்த ஒரு பையனை நான் ஊக்கப்படுத்தி அனுப்பினேன். இரண்டாம் வருடமே ஆராய்ச்சியை விட்டுவிட்டான். அந்தத் தப்பு என்னுடையது, இன்றும் உறுத்துகிறது.

வழி இதுதான்: பி.எஸ்சி., பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., அப்புறம் நெட் அல்லது ஜெஸ்ட் தேர்வு வழியாக முனைவர் பட்டம். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. நிரந்தர விஞ்ஞானி வேலை குறைவு, இருபத்தெட்டு, முப்பது வயது வரை பொறுமை வேண்டும். இதை மறைத்து உங்களிடம் தலையாட்ட வைக்க மாட்டேன். ஆனால் தரவைப் பிரிக்கும் கை, வானிலை, செயற்கைக்கோள், வங்கி என்று எங்கும் சோறு போடும். புரட்டிய பணத்தை டொனேஷனுக்குக் கொடுக்காமல் எம்.எஸ்சி.க்கு வைத்திருங்கள்.

இந்தக் காற்றலைகளையும் ஆராயும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நவி மும்பையில், நியூ பன்வேலில்தான் இருக்கிறது. அதன் ஆய்வகம் ஒன்று உங்கள் ஊர்ப் பக்கமே, திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில். வருடா வருடம் திருச்செந்தூர் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்க்கிற அதே கிருஷ்ணாபுரம்! இந்தத் தடவை இறங்கிப் பார்க்க அனுமதி கேட்டு முன்கூட்டியே எழுதுங்கள். கடிதத்தை மகளே எழுதட்டும், நோட்டின் நகலையும் வைக்கட்டும். நாலு மணிக் கட்டங்களை மட்டும் இப்போது இட்டு நிரப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். காலியாகவே போகட்டும்.