பீட்டில்ஸ் தோற்றிருந்தால்? மாற்று வரலாறு எழுதும் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: லிவர்பூலின் பீட்டில்ஸ் பாட்டுக்குழு புகழ் பெறாமலே போன ஓர் உலகத்தைக் குறுநாவலாக எழுதியிருக்கிறேன். 1962 ஜனவரியில் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி அவர்களை வேண்டாம் என்கிறது. மனமுடைந்து குழு கலைகிறது. படித்தவர்கள் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. எங்கே இடிக்கிறது?

பதில்: டெக்கா நிஜத்திலும் வேண்டாம் என்றுதான் சொன்னது. நடந்ததை அப்படியே வைத்துக்கொண்டு முடிவை மட்டும் மாற்றினால், "அங்கே கலையாதவர்கள் இங்கே மட்டும் ஏன் கலைந்தார்கள்?" என்று வாசகர் கேட்கத்தான் செய்வார். உங்கள் கதைக்கான இடம் அந்த மறுப்புக்குப் பிந்திய சில வாரங்களில் இருக்கிறது.

நடந்தது இதுதான். முந்தின நாள் பனியில் லிவர்பூலிலிருந்து வேனில் கிளம்பி, 1962 ஜனவரி 1 அன்று லண்டன் வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் இருந்த டெக்கா ஸ்டூடியோவில் தேர்வுக்காக 15 பாட்டு வாசித்தார்கள். அவற்றில் சொந்தப் பாட்டு மூன்றே மூன்று. மீதியெல்லாம் பிறர் பாட்டு. டெக்கா அவர்களை விட்டுவிட்டு பிரையன் பூல் அண்ட் த ட்ரெமலோஸ் குழுவை எடுத்துக்கொண்டது. அவர்கள் லண்டனை ஒட்டிய டேகனம் பக்கத்துப் பையன்கள். கூப்பிட்டால் உடனே வந்துவிடலாம்.

மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் அந்த ஒலிநாடாவோடு ஊர் திரும்பி முடங்கிவிடவில்லை. நாடாவைச் சுமந்து அலுவலகம் அலுவலகமாகப் போவதைவிட இசைத்தட்டாகக் கையில் இருந்தால் எங்கேயும் போட்டுக் காட்டலாம். அதனால் பிப்ரவரியில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்த எச்.எம்.வி. இசைத்தட்டுக் கடைக்குப் போய்த் தட்டு வெட்டித் தரச் சொன்னார். வெட்டிய பொறியாளர் ஜிம் ஃபோய்க்குப் பாட்டு பிடித்துப்போனது. அதே கட்டடத்தில் ஆர்ட்மோர் அண்ட் பீச்வுட் என்ற இசைப் பதிப்பகம் இருந்தது. அதன் சிட் கோல்மனிடம் அனுப்பினார். கோல்மன் வழியாகத்தான் எப்ஸ்டீன், இ.எம்.ஐ. கம்பெனியின் பார்லஃபோன் பிரிவில் இசைப்பதிவுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினைச் சந்தித்தார். ஜூன் 6 அன்று குழு இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் நின்றது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுங்கள். தட்டு வெட்டும் இயந்திரம் அன்று பழுது, அல்லது வெட்டியவருக்கு அந்தப் பாட்டில் எதுவும் படவில்லை. ஆனால் தற்செயல் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. எப்ஸ்டீன் சலிக்காமல் அலைகிறவர். மறுநாளே இன்னொரு கதவைத் தட்டுவார். அவர் நிற்பதற்கு ஒரு மனிதக் காரணமும் வேண்டும். குடும்பத்துக்கு நெம்ஸ் என்ற கடைகள் இருந்தன. மகன் ஒரு பாட்டுக்குழுவுக்காக லண்டனுக்கும் ஊருக்குமாக அலைவது தந்தைக்கு ரசிக்கவில்லை. இயந்திரப் பழுதும் வீட்டு நெருக்கடியும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் தோல்வி இயல்பாக வரும்.

கேள்வி: இன்னும் பின்னால் போய், குழுவுக்குப் பாட்டெழுதிய ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் சந்திக்காமலே விட்டால்?

பதில்: 1957 ஜூலை 6, லிவர்பூல் வூல்டன் புனித பீட்டர் தேவாலய விழா. இருவரும் சந்தித்த நாள். பலரும் முதலில் தொடுவது அந்த நாளைத்தான். அங்கே பிரித்தால் குழுவே இல்லை. இல்லாத குழு எப்படித் தோற்கும்? அது வேறு கதை. சேர்ந்து, உழைத்து, வாசிக்கக் கற்று, அதற்குப் பிறகும் யாரும் திரும்பிப் பார்க்காமல் போவதில்தான் வலி இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கச்சேரிகள் கட்டாயம் நடந்திருக்க வேண்டும். 1960 ஆகஸ்டில் இந்திரா கிளப்பில் தொடங்கி, ஓர் இரவில் நாலரை மணி முதல் ஆறு மணி நேரம் வரை வாசித்துத்தான் அவர்கள் தேறினார்கள்.

கேள்வி: பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை நீடித்திருந்தால் என்ற கோணம் சரிப்படுமா?

பதில்: அருமையான கோணம், ஆனால் ஆபத்தானது. நிஜத்தில் 1939 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அழைப்பு இல்லை. 1960 டிசம்பரோடு ஆள் எடுப்பதும் நின்றது. லெனன் பிறந்தது 1940 அக்டோபர் 9, பின்னாளில் டிரம்மராக வந்த ரிங்கோ ஸ்டார் அதே ஆண்டு ஜூலை 7. இருவருமே ஓராண்டு இடைவெளியில் தப்பியவர்கள். 1957இல் அரசு எடுத்த முடிவை மூன்று நான்கு ஆண்டு தள்ளிப்போட்டால் போதும்.

கணக்கை வரிசையாகப் போடுங்கள். 1958 அக்டோபரில் லெனனுக்கு 18 வயது. ஆனால் அவர் கலைக் கல்லூரி மாணவர். படிப்பவர்களுக்குச் சேவையைத் தள்ளிப்போட வழி இருந்தது. படிப்பு 1960 கோடையில் முடிகிறது. அதாவது ஹாம்பர்க் பயணம் கிளம்பும் அதே நேரத்தில் அழைப்புக் கடிதம் வரும்! இரண்டு ஆண்டுச் சேவை. 1942 ஜூனில் பிறந்த மெக்கார்ட்னிக்கும் அந்தக் கோடையில்தான் 18 ஆகிறது. ரிங்கோ மட்டும் மருத்துவப் பரிசோதனையில் தப்பிக்கலாம்: ஆறு வயதில் வயிற்றறை அழற்சி, பதிமூன்றில் காசநோய் என்று சிறுவயதில் பாதிக்காலம் மருத்துவமனையில் கிடந்தவர் அவர்.

சிக்கல் என்னவென்றால், அழைப்பு இந்த நால்வருக்கு மட்டும் வராது. லிவர்பூல், மான்செஸ்டர், லண்டன் குழுக்களில் அந்த வயதில் இருந்த எல்லாப் பையன்களும் பாசறைக்குப் போவார்கள். லிவர்பூலின் மெர்சி நதிக்கரைக் குழுக்கள் எல்லாமே ஓய்ந்துவிடும். ஒரு குழு தோற்ற கதை வேண்டுமா, ஒரு தலைமுறையின் இசையே வராமல் போன கதை வேண்டுமா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரிங்கோவுக்கு முன் டிரம்மராக இருந்த பீட் பெஸ்ட்டை நீக்காமல் இருந்திருந்தால் தோற்றிருப்பார்களா?

பதில்: அது மட்டும் போதாது. ஜார்ஜ் மார்ட்டின் ஒலிப்பதிவுக்குக் கூலி டிரம்மர் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ரிங்கோ வந்த பிறகும் 1962 செப்டம்பர் 11 அன்று ஆண்டி ஒயிட் என்ற கூலி டிரம்மரைத்தான் உட்காரவைத்தார்.

கேள்வி: என் கதையில் அவர்கள் யாருக்கும் தெரியாத குழுவாகவே இருந்து, பிற்காலப் பாடல்களையெல்லாம் சிறு கிளப்புகளில் வாசிக்கிறார்கள். இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இந்த வகைக் கதைகளில் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். அந்தப் பாடல்களில் பாதி, ஸ்டூடியோ நேரத்தால் உண்டானவை; விற்பனை இருந்ததால்தான் அந்த நேரம் கிடைத்தது. 1963 பிப்ரவரி 11 அன்று முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு செய்தார்கள், அதுவும் இரண்டு ஒலிகளை மட்டும் தனித்தனியாகப் பதியும் இரண்டு தட நாடாவில். நான்கு தட இயந்திரம் அவர்களுக்குக் கிடைத்ததே அந்த ஆண்டு அக்டோபரில்தான். "ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்" எப்படி உருவானது என்று பாருங்கள்: ஏழாவது டேக்கையும் (பதிவு முயற்சியையும்) இருபத்தாறாவது டேக்கையும் ஒட்டியது. இரண்டும் வேறு வேறு வேகம், வேறு வேறு சுருதி; நாடா ஓடும் வேகத்தை மாற்றிப் பொருத்தி, நடுவில் வெட்டி இணைத்தார்கள். இருபத்தாறு டேக் எடுக்க எந்தக் கம்பெனி ஒரு தோற்ற குழுவுக்கு அனுமதி தரும்? தரப்பட்ட மூன்று மணி நேரத்தில் வேலை முடியாவிட்டால் அடுத்த குழு கதவருகே நிற்கும்.

ஆகவே உங்கள் உலகத்தில் அந்த மெட்டு வேண்டுமானால் பிறக்கட்டும். லெனன் ஒரு மர கிட்டாரோடு அதைப் பாடட்டும். கேட்பவர்களில் பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்கட்டும். தாரை இசை, பின்னோக்கி ஓடும் நாடா எதுவும் வேண்டாம்.

கேள்வி: புகழ் வராவிட்டால் இந்த நால்வரும் என்ன ஆகியிருப்பார்கள்?

பதில்: குடிகாரர், கடனாளி என்று உடனே போய்விடாதீர்கள். ஆவணங்களே நல்ல கதையைத் தருகின்றன. கிட்டார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன் பிளாக்லர்ஸ் பல்பொருள் அங்காடியில் மின்பணி பழகுநர். மெக்கார்ட்னி 1961இல் மாசி அண்ட் காகின்ஸ் தொழிற்சாலையில் மின்சுருள் சுற்றினார். ரிங்கோ, ஹென்றி ஹன்ட் நிறுவனத்தில் பழகுநராக இருந்தவர். அமெரிக்காவின் ஹூஸ்டனுக்குக் குடிபெயர விண்ணப்பப் படிவம்வரை போய்த் திரும்பியவர். லெனனுக்கு மட்டும் கைத்தொழில் எதுவும் இல்லை, கல்லூரியிலும் தேறவில்லை. நால்வரில் எழுத மிகக் கடினமானவர் அவர்தான். பக்கங்களை அவருக்கு ஒதுக்குங்கள். தாய் ஜூலியா 1958 ஜூலையில் கார் மோதி இறந்தது எந்த உலகத்திலும் மாறாது. நீங்கள் பிரிக்கும் புள்ளிக்கு முன்னால் நடந்தது எதையும் தொடக் கூடாது.

கேள்வி: அவர்கள் இல்லாவிட்டால் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழு முதலிடத்துக்கு வந்திருப்பார்கள்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். 1963இல் ஸ்டோன்ஸைப் போய்ப் பாருங்கள் என்று டெக்காவின் டிக் ரோவிடம் சொன்னவர் ஜார்ஜ் ஹாரிசன். லிவர்பூலில் ஒரு போட்டிக்கு இருவரும் நடுவர்கள். புகழில்லாத ஹாரிசன் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். ஸ்டோன்ஸின் இரண்டாவது தட்டு லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் கொடுத்த பாட்டு. அமெரிக்காவில் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரை எடுத்தது, பீட்டில்ஸ் படத்தில் ஹாரிசன் கையில் அதைப் பார்த்த பிறகு. ஒருவரை எடுத்தால் இன்னும் சிலர் தடம் மாறுவார்கள். குறுநாவலுக்கு இப்படி இரண்டு மூன்று விளைவுகள் போதும்.

அரைத் தோல்வி ஒன்றும் கையில் இருக்கிறது. பிரிட்டனில் வெற்றி, அமெரிக்காவில் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் கேபிடல் இசைத்தட்டுக் கம்பெனி முதலில் அவர்களை ஏற்கவே இல்லை. 1963இல் ஸ்வான் என்ற சிறு கம்பெனி அங்கே வெளியிட்ட "ஷி லவ்ஸ் யூ" அப்போது எடுபடவில்லை. 1963 டிசம்பர் 26இல் கேபிடல் வெளியிட்ட தட்டையும், அடுத்த பிப்ரவரி 9இல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்ததையும் நீக்கிவிட்டால், பிரிட்டனுக்குள் மட்டும் நாலைந்து ஆண்டு ஓடி, கடற்கரை ஊர்க் கோடைக் கச்சேரிகளில் முடியும் குழு கிடைக்கும்.

கேள்வி: பணத் தொகைகளை எப்படி எழுதுவது?

பதில்: 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. 1962 ஒப்பந்தப்படி இருபக்கத் தட்டு ஒன்றுக்கு நால்வருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரு பென்னி. 5,000 தட்டு விற்றாலும் மொத்தம் 20 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்னிதான். அதிலும் மேனேஜர் பங்கு போகும். "ஐம்பது பென்ஸ்" நாணயம் 1962 கதையில் வந்தால் படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

கேள்வி: பாடல் வரிகளைக் கதைக்குள் போடலாமா? நிஜப் பெயர்களை வைக்கலாமா?

பதில்: தலைப்பைச் சொல்லலாம். வரிகளுக்குக் காப்புரிமை உண்டு. ஒரு வரிக்குக்கூட அனுமதி கேட்க வேண்டி வரும். பாட்டு எப்படி ஒலித்தது, எந்த இடத்தில் குரல் உயர்ந்தது என்று எழுதிவிட்டுப் போங்கள்.

பெயர்களைப் பொறுத்தவரை மெக்கார்ட்னியும் ரிங்கோவும் வாழ்கிறவர்கள். நடக்காத குற்றத்தையோ ஒழுக்கக்கேட்டையோ அவர்கள்மேல் ஏற்றாதீர்கள். துரோகம் செய்யும் பாத்திரம் கதைக்குத் தேவையென்றால் கற்பனையாக ஒரு கிளப் முதலாளியையோ ஏஜெண்டையோ படைத்து அவர் தலையில் வையுங்கள். அதுவும் போதாதென்றால் குழுவின் பெயரையே மாற்றி, ஊரையும் ஆண்டுகளையும் மட்டும் நிஜமாக வைத்துக்கொள்ளுங்கள்.