ஃபுட் டிரக் முன்னால் நின்று கலோரி கணக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெங்களூரு ஃபுட் டிரக்குகளைப் பற்றியவை. நம் ஊர்க் கையேந்தி பவனுக்குச் சக்கரமும் சீரியல் பல்பும் மாட்டியது மாதிரிதான் என்றாலும், விலையும் சந்தேகங்களும் கொஞ்சம் கூடுதல்.

கேள்வி: மாரத்தஹள்ளி பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை. வயது 34. ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குள் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டயட்டீஷியன். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நிற்கும் ஃபுட் டிரக்கில்தான் ராத்திரிச் சாப்பாடு. மொபைல் ஆப்பில் சிக்கன் ஷவர்மா என்று தேடினால் ஒரு இடத்தில் 320 கலோரி, இன்னொரு இடத்தில் 710. எதை நம்புவது? பெரிய பர்கர் கடைகளில் மெனுவிலேயே கலோரி போடுகிறார்களே, இவர்கள் போடவேண்டும் என்று சட்டம் இல்லையா?
— ஒரு வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: சட்டக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சட்டம் இருக்கிறது, ஆனால் உங்கள் ஆபீஸ் வாசல் வண்டி அதற்குள் வராது. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்களும்தான் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கலோரியை மெனுவில் போட்டாக வேண்டும். 2022 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஒற்றை வண்டி வைத்திருப்பவர் போடவில்லை என்றால் அது தப்பில்லை. அந்தப் பெரிய கடைகளில் சின்ன எழுத்தில் '2,000 கிலோகலோரி' என்று ஒரு வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். கிலோகலோரி என்பதைத்தான் நாம் பேச்சில் கலோரி என்கிறோம். அது சராசரியாக ஓடியாடும் பெரியவருக்கான பொதுக் கணக்கு. உட்கார்ந்தே வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020-இல் சொன்ன தேவை 1,660தான். அதனால் அந்த 2,000-ஐ வைத்து மிச்சம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள்.

இப்போது ஷவர்மா. 320, 710 இரண்டுமே சரியாக இருக்கலாம் என்றால் நம்புவீர்களா? எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. அதனால் போன வாரம் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு வண்டியில் ஷவர்மா வாங்கி, மயோனைஸை உள்ளே தடவாமல் தனிக் கப்பில் தரச் சொன்னேன். மாஸ்டர் பையன் கிருஷ்ணகிரிக்காரன். தமிழ் கேட்டதும், "வழக்கமா போடுற அளவே தரவா, கம்மியா தரவாக்கா?" என்றான். வழக்கமான அளவே கொடு என்றேன். வீட்டுக்கு வந்து சமையல் தராசில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். சுற்றியிருந்த குபூஸ் ரொட்டி 70 கிராம், கோழி 90 கிராம், உள்ளே செருகியிருந்த உருளைக்கிழங்கு ஃபிரை 30 கிராம். மயோ மட்டும் 42 கிராம்.

குபூஸுக்கு ஏறக்குறைய 190 கலோரி, கோழிக்கு 170, ஃபிரைக்கு 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். மயோவுக்கு நான் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் பிழிந்த பாக்கெட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்திருந்தேன், 100 கிராமுக்கு 620 என்று அச்சாகியிருந்தது. 42 கிராமுக்கு 260. மொத்தம் 715. மயோவையும் ஃபிரையையும் எடுத்துவிட்டால் 360. உங்கள் ஆப்பின் இரண்டு நம்பருக்கும் நடுவில் இருந்தது பெரும்பாலும் அந்தச் சின்னக் கப்புதான். நாலு இட்லிக்கான கலோரி அதில் இருக்கிறது, ஆனால் வயிற்றில் ஒரு இட்லி இறங்கிய நிறைவு கூட இருக்காது.

வெஜ் மயோ என்றால் லேசு என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலாவுகிறது. முட்டைதான் இல்லை, எண்ணெய் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தது கிருமி பயத்தால். அதற்கும் கலோரிக்கும் சம்பந்தமில்லை.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. ஹோட்டலில் சமையல்கட்டு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. டிரக்கில் அது உங்கள் மூக்குக்கு முன்னால். மயோ, சீஸ் ஸ்லைஸ், டார்ட்டியா ரொட்டி, பர்கருக்குள் வைக்கும் பேட்டி என்று வண்டியில் இருப்பதில் பாதி பாக்கெட்டில் வந்ததுதான். அதே பிராண்டை சூப்பர்மார்க்கெட்டில் எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் கணக்கு இருக்கும். மற்றதற்கு மாஸ்டரின் கையைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி, வெண்ணெய் 100. பாவ் பாஜி போடுபவர் கல்லில் வெண்ணெயைச் சீவித் தள்ளுவதை எண்ணினால் போதும், ஆப் வேண்டாம். நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ் என்றால் வாணலியில் எண்ணெய் ஊற்றும் அந்த ஒரு நொடிதான் முக்கியம். அதற்கு முன்னால் வாயைத் திறந்து "எண்ணெய் ஒரு கரண்டி போதும்" என்று சொல்லிவிட வேண்டும். ஊற்றிய பிறகு சொன்னால் அவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

அப்புறம், ஷவர்மாவோடு ஒரு கோலா கேன் வாங்குகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த வண்டிகளில் காம்போ விலை வைத்துக் கையில் திணித்துவிடுவார்கள். 300 மில்லி கேனில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, 130 கலோரி. உப்புப் போட்ட எலுமிச்சை சோடா கேளுங்கள்.

கேள்வி: கோரமங்களாவில் ஒரு டிரக்கில் 'லோ கேலரி ரேப்' (ரொட்டியில் சுற்றித் தரும் ரோல்) என்று பச்சை போர்டு வைத்து, சாதாரண ரேப்பை விட 60 ரூபாய் அதிகம் வாங்குகிறார்கள். எத்தனை கலோரி என்று கேட்டால் "ரொம்பக் கம்மி சார்" என்பதோடு சரி. இப்படிப் போர்டு வைக்க யாராவது அனுமதி கொடுக்கிறார்களா?
— ஒரு வாசகர், ஈஜிபுரா

பதில்: அனுமதி கொடுப்பவர் யாரும் இல்லை, ஆனால் அந்த வார்த்தைக்கு அளவு இருக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிகளில், ஒரு திட உணவை 'லோ கேலரி' என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் 40 கிலோகலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. திரவம் என்றால் 100 மில்லிக்கு 20. வெறும் சோறே 100 கிராமுக்கு 130 வரும். ரொட்டியைச் சுற்றிய எந்த ரேப்பும், உள்ளே வெள்ளரிக்காயை மட்டும் அடைத்தாலொழிய, 40-க்குள் வராது. அப்படி ஒன்றை 60 ரூபாய் கூடக் கொடுத்து நீங்கள் வாங்கவும் மாட்டீர்கள்.

அதனால் அந்தப் போர்டு விதிப்படி நிற்காது. 'ஹெல்தி', 'ஃபிட்' போன்ற வார்த்தைகளில் இந்த மாதிரி ஒரு நம்பரைப் பிடிக்க முடியாது. 'லோ கேலரி', 'லோ ஃபேட்', 'ஷுகர் ஃப்ரீ' மூன்றுக்கும் நம்பர் உண்டு. லோ ஃபேட் என்றால் 100 கிராமுக்கு 3 கிராம் கொழுப்புக்குள், ஷுகர் ஃப்ரீ என்றால் அரை கிராம் சர்க்கரைக்குள்.

புகார் செய்வதா? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-வது பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. ஒரு சின்ன வண்டிக்காரரை நேராக அங்கே இழுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பெரும்பாலும் பிளெக்ஸ் அடித்தவர் கொடுத்த ஐடியாவாக இருக்கும். முதலில் வண்டியில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் எழுதியிருக்கிறதா பாருங்கள். 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு, 1-இல் தொடங்கினால் உரிமம். நம்பரே இல்லாத வண்டியில் ரேப்பின் கலோரியைப் பற்றிக் கவலைப்படுவது இரண்டாம் பட்சம். நம்பர் இருந்தால் விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அதே போர்டு, அதே 60 ரூபாய் என்றால் நம்பரோடும் போட்டோவோடும் எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்பில் புகார் போடுங்கள்.

கேள்வி: கோபி மஞ்சூரியன் காய்தானே, குழந்தைகளுக்குக் கணக்கில்லாமல் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கே.ஆர். புரம்

பதில்: காலிஃபிளவர் 100 கிராமில் 25 கலோரிதான். மைதாவிலும் சோள மாவிலும் முக்கி, எண்ணெயில் பொரித்து, சாஸில் புரட்டிய பிறகு அதைக் காய்க் கணக்கில் சேர்ப்பது அநியாயம். ரொம்பச் சிவப்பாக இருந்தால் வாங்கவே வேண்டாம். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதை 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை செய்திருக்கிறது. ஜூனில் கபாபுக்கும் சேர்த்து.

கேள்வி: ஒரு பர்கர் வண்டியில் சீஸ் வேண்டாம் என்று சொன்னேன். பில்லில் பர்கர் 140, எக்ஸ்ட்ரா சீஸ் 30 என்று தனித்தனியாகப் போட்டு, அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. கேட்டால் "சிஸ்டம்ல அப்படித்தான் வருது" என்கிறார்கள். கலோரியைக் குறைத்தேன், காசு குறையவில்லை.
— ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: கடைசி வரியை ரசித்தேன். பர்கர் 170 என்று ஒரே விலையாக இருந்து, அதற்குள் சீஸும் அடக்கம் என்றால், வேண்டாம் என்று சொன்னதற்காக அவர்கள் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குறைத்தால் பெருந்தன்மை. உங்கள் பில்லில் சீஸ் தனி ஐட்டமாக இருக்கிறது. கொடுக்காத பொருளுக்குத் தனியாக விலை போட்டு வாங்குவது சரியல்ல, அந்த 30-ஐத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிஸ்டத்தைத் தட்டுவது மனிதர்தானே.

ஜிஎஸ்டி விஷயத்தில் பில்லின் தலையைப் பாருங்கள். 15 இலக்க ஜிஎஸ்டி நம்பர் இருக்க வேண்டும், கர்நாடகப் பதிவு என்றால் 29-இல் தொடங்கும். நம்பர் இல்லாதவர் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவரும் உங்களிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது. நம்பர் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அது யார் பெயரில், எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பணம் திரும்பவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அல்லது இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த வண்டிகள் கொடுக்கும் பில் பேப்பரில் எழுத்து ஒரு மாதத்தில் மங்கிவிடுகிறது.

கேள்வி: அல்சூரில் இருக்கிறேன், ரிட்டயர் ஆகி ஐந்து வருடம். எடை 82 கிலோ, குறைக்கச் சொல்கிறார் டாக்டர். சர்க்கரை இல்லை. சனிக்கிழமையானால் பேரன் வி.வி. புரம் திண்டி பீதிக்கு (தின்பண்டத் தெரு) இழுத்துக்கொண்டு போகிறான். அவன் சாப்பிடும்போது நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவேண்டுமா?
— ஒரு தாத்தா

பதில்: வேண்டாம் ஐயா. வேடிக்கை பார்ப்பவர்தான் கடைசியில் பேரன் மிச்சம் வைத்த தட்டை எல்லாம் காலி செய்வார், என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். உங்களுக்கென்று ஒன்றை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சஜ்ஜன் ராவ் சர்க்கிள் பக்கமிருந்து நுழைந்து ஒரு தடவை கடைசி வரை வெறுங்கையோடு நடந்து போங்கள். எதையும் வாங்காமல் முழுத் தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாங்கினால், முதல் பஜ்ஜிக் கடையிலேயே வயிறு நிரம்பாது. இட்லி இருந்தால் அதுதான் உங்களுக்கு நல்லது. கன்னடக்காரர்கள் 'பட்டு' என்று சொல்லும் பண்டம் நம் குழிப்பணியாரம்தான், குழிக்குழியாக எண்ணெய் விடுவார்கள் என்றாலும் பொரித்த பஜ்ஜியை விடத் தேவலை. மசாலா பூரியில் பட்டாணிக் குழம்பு நல்ல விஷயம், மேலே தூவும் ஓமப்பொடியைக் குறைக்கச் சொல்லலாம். ஒப்பட்டு (நம் போளிதான்) வாங்கினால் நெய் ஊற்றும் முன்னால் கையைக் காட்டுங்கள், பாதியைப் பேரனுக்குக் கொடுங்கள். வெண்ணெய் போட்ட குல்கந்து பக்கம் போனால் நான் பொறுப்பல்ல.

அல்சூர்க்காரருக்குக் கன்னடம் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தாலும் தோசைக் கடையில் "பெண்ணெ பேடா" (வெண்ணெய் வேண்டாம்) என்பதை மாவு கல்லில் விழும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே தோசை முறுகுவதற்குள் வெண்ணெய் உருண்டை அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பேரன் தோசைக்கு வேண்டுமானால் போடட்டும், அவன் ஓடியாடுகிற வயது.